பக்கம் ஏழு, பதினாலாம் வரி

விண்ணப்பதாரர்: மௌசூக் மரிக்கார், மாளிகாவத்தை.
தொழில்: தயிர் மொத்த வியாபாரம்.
கண்டுபிடிப்பு: கலங்கள் வைப்பதற்கு
அறை பிரித்த மட்டைப்பெட்டி.
இணைப்பு: மாதிரி ஒன்று.
லேசாகப் பால் மணக்கிறது.

மூன்றாம் மாடி. மின்விசிறிக்குப் பறக்காமல்
கோப்பின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டு
உரிமைக்கோரலை வாசிக்கிறேன்:
"நெடுக்கே இரண்டும் குறுக்கே இரண்டுமாகத் தடுப்புகள்
ஒன்றையொன்று வெட்டி நிற்க,
ஒன்பது அறைகள் கொண்ட ஒரு பெட்டி."
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

ஐயோ மரிக்கார்,
இதை உங்கள் வாப்பா பிறக்க முன்னமே
எவனோ பதிந்துவிட்டான்.
தேடியதில் பதினோரு ஆவணம் வந்தது,
பாதி பால் போத்தலுக்கு, ஒன்று மின்குமிழுக்கு.
அந்த ஒன்றில் படம் வரைந்தவன்
மட்டையின் நிழலைக்கூடத் தீட்டியிருக்கிறான்,
அத்தனை ஆறுதலாக.

சட்டம் எனக்கு ஒரு துணையாளைத் தந்திருக்கிறது:
துறை தெரிந்த சராசரி மனிதர்.
உலகத்தில் அச்சான எல்லாம் வாசித்தவர்,
சொந்தமாக ஒரு யோசனையும் வராதவர்.
பன்னிரண்டு வருடமாக என் முன் கதிரையில் இருக்கிறார்,
தேத்தண்ணி கேட்டதில்லை.
"இது உமக்குத் தானாகத் தோன்றியிருக்குமா?"
"தோன்றியிருக்கும்" என்றார், வழக்கம்போல.
நிராகரிப்பின் முதல் பந்தியை எழுதியும் விட்டேன்.

பிறகுதான் மாதிரியை மடியில் வைத்துப் பிரித்தேன்.
தடுப்புகளின் விளிம்பில்
விரல் நீளத்துக்கு நாக்குகள்,
வெட்டி மடித்து, அறைக்குள் சரிந்தபடி.
என் தேத்தண்ணிக் கோப்பையை இறக்கினேன்,
நாக்குகள் வந்து பிடித்தன.
நிலாந்தியின் யானை போட்ட பெரிய மக்கை இறக்கினேன்,
சற்றுப் பின்வாங்கி
அதையும் பிடித்தன.
கோந்துப் போத்தல். முத்திரை மைப்பெட்டி.
குலுக்கினேன்.
சத்தமே இல்லை.

விவரணத்துக்குத் திரும்பினேன்.
பக்கம் ஏழு, பதினாலாம் வரி,
லொறி வாடகைக்கும் உடைந்ததன் கணக்குக்கும் நடுவே
போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்:
"திஸ்ஸவிலிருந்து வரும் சட்டி கையால் வனைவது.
இரண்டு சட்டி ஒரே அளவில் இருந்து
நான் கண்டதில்லை."

பதினோரு ஆவணத்தையும் மறுபடி புரட்டினேன்.
எல்லாருடைய போத்தலும் அச்சில் வார்த்தது.
எல்லாருடைய அறையும்
வரப்போவது போனதைப் போலவே இருக்குமென்று
நம்பி வெட்டியது.
முன் கதிரையைப் பார்த்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நாக்குகள் கோரலில் இல்லை மரிக்கார்,
கோரலில் இல்லாததை நான் காணக்கூடாது.
கண்டாலும்
உங்கள் பேனையை என் கையில் எடுக்கக்கூடாது.
"கோரல் ஒன்றில் புதுமை இல்லை"
என்ற வசனத்தை அப்படியே விட்டேன்.
அதன் கீழ் ஒரு வரி:
"விண்ணப்பதாரர் கவனிக்க: பக்கம் 7, வரி 14. உரு 3."
மேலே ஒரு சொல் கூடினாலும்
பணிப்பாளர் கூப்பிட்டுக் கேட்பார்.

பெப்ரவரியில் பதிவுத் தபாலில் போனது.
அத்தாட்சி அட்டை திரும்பி வந்தது,
கையெழுத்து ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல.
வீட்டில் யாரிடமாவது கொடுத்தார்களோ,
தயிர்ப் பில்லுகளோடு கம்பியில் குத்தினார்களோ.
இப்போது மே. வியாழக்கிழமை தவணை முடிகிறது.

மருதானையில் பஸ் நெரிசலில் நிற்கும்போதெல்லாம்
மாளிகாவத்தைப் பக்கம் திரும்பும் லொறிகளைப் பார்க்கிறேன்.
தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறது,
ஒன்றும் தெரிவதில்லை.

பெட்டி என் அலுமாரி மேல் இருக்கிறது.
நிலாந்தி இரண்டு தரம் கேட்டுவிட்டாள்
மக் எங்கே என்று.